பச்சைக்குள் போகிறவர்கள்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. தாராவியிலிருந்து மாட்டுங்கா பக்கம் போகும் ஒரு சாலையில், கோடையின் கடைசியில், இடது ஓரமாகப் பச்சை வண்ணம் அடித்து, இது சைக்கிள் பாதை என்று அறிவித்தார்கள்.

2. அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை நான் இருக்கும் நிறுவனத்துக்கு வந்தது. நிறுவனம் என்னை அனுப்பியது.

3. தாராவியில் ஒரு வீட்டில் மதியச் சாப்பாட்டின்போது, அந்தப் பாதையில் போகும் சைக்கிள்களை அடுத்த வாரம் எண்ணப்போகிறார்கள் என்று சொன்னேன்.

4. எண்ணினார்கள். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு சைக்கிள்கள் வந்திருந்தன.

5. ஒருநாள் காலை தூறல் விழுந்தது. மூன்று சைக்கிள்கள் பச்சையின் மேல் சரிந்தன.

6. எண்ணிக்கை நன்றாக இருந்ததால், பாதையின் ஓரத்தில் கம்பங்கள் நட்டார்கள்.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் தொடர்பு உண்டு என்பது ஐந்தாவது நடந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏழாவதாக ஒன்று நடக்கக்கூடாது என்பதற்காகத்தான் கொஞ்ச நாளாக அலைந்துகொண்டிருக்கிறேன்.

*

இந்த மாதத்தோடு நான் மும்பைக்கு வந்து மூன்று வருடம் முடிகிறது. அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா போனில் அதை நினைவுபடுத்தினாள். “மூணு வருசம் ஆயிட்டு. இன்னும் எத்தன வருசம் அங்கன கெடக்கப் போற?” என்றாள். வழக்கமாக ஏதாவது சொல்லி மழுப்புவேன். இந்த முறை, “மழை வந்து போகட்டும்மா, சொல்லுதேன்” என்றேன். ரயில் டிக்கெட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

ஊரில் மழை என்றால் எங்களுக்குச் சாரல். குற்றாலத்துப் பக்கமிருந்து காற்றோடு வரும், சட்டையை நனைக்கும், போய்விடும். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் சாரலில் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். கையை விட்டு ஓட்டிக் காட்டியிருக்கிறேன். இங்கே மழை அப்படி அல்ல. முதல் வருடம், செம்பூரில் நான் இருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு ஒரே மதியத்தில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது பக்கத்து வீட்டு அம்மாள் படியில் உட்கார்ந்து நிதானமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அது வருடாவருடம் வரும் விருந்தாளி. நான் மாடிப்படியின் கைப்பிடியை விடாமல் நின்றேன்.

சிவில் படித்து, அதற்கு மேல் போக்குவரத்துப் பொறியியல் படித்தேன். ஒரு சாலை யாரை எந்த இடத்தில் விழவைக்கும் என்று, விழுவதற்கு முன்பே சொல்வது என் வேலை. இப்படிச் சொன்னால் ஊரில் யாருக்கும் புரிவதில்லை. அப்பா எல்லோரிடமும் “மக பம்பாய்ல ரோடு போடுதா” என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். நான் ஒரு நாளும் ரோடு போட்டதில்லை. அப்பாவின் இந்த ஒரு வரிக்கு இவ்வளவு தூரம் கை கால் முளைக்கும் என்று எனக்குத் தெரியாது.

*

நான் சாப்பிட்டதாகச் சொன்ன வீடு செல்லத்துரை அண்ணாச்சியுடையது. அப்பாவோடு பள்ளியில் படித்தவரின் தம்பி. மும்பைக்கு வந்த புதிதில், வாடகைக்கு அறை கிடைக்கும்வரை அவர் வீட்டில்தான் இருந்தேன். தாராவியில் ஒரு சந்துக்குள் கீழே ஓர் அறை, ஏணி வைத்து மேலே ஓர் அறை. மேல் அறையை எனக்கும் அவர் மகள் ஷாலினிக்கும் கொடுத்துவிட்டு, அண்ணாச்சியும் அவர் மனைவி பேச்சி மதினியும் கீழே அடுப்புக்கும் மாவுச் சட்டிகளுக்கும் நடுவில் படுத்துக்கொண்டார்கள். நான் செம்பூருக்கு மாறிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை அங்கே போகாவிட்டால் மதினியிடமிருந்து போன் வந்துவிடும்.

அண்ணாச்சிக்குத் தொழில் இட்லி. மதினி விடியுமுன்பே வேகவைத்து இறக்கிவிடுவார். அண்ணாச்சி அகலமான அலுமினியப் பாத்திரத்தில் இட்லியை ஈரத்துணி போட்டு மூடி, சைக்கிளின் பின்புறம் கட்டுவார். கைப்பிடியின் இரு பக்கமும் சட்னித் தூக்கு, சாம்பார்த் தூக்கு. ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு மாட்டுங்கா, தாதர் என்று போவார். வாட்ச்மேன்கள், டிரைவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் அந்தச் சத்தத்துக்கு வெளியே வருவார்கள். அந்தச் சந்துகளிலிருந்து அவரைப் போலப் பலர் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். பெரிய சாலையில் ஏறியதும் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, சாலையின் நடுவில் ஓர் ஊர்வலம்போலப் போவார்கள். பின்னால் பஸ் வந்தாலும் ஒதுங்கமாட்டார்கள். பஸ்காரன் ஹிந்தியில் திட்டுவான். இவர்கள் ஹாரனால் பதில் சொல்வார்கள்.

பார்க்க ஒழுங்கீனம்தான். ஆனால் அந்தச் சாலையில் அவர்களில் ஒருவர் அடிபட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நடுவில் கூட்டமாகப் போகிறவனை யாரும் பார்க்காமல் இருக்க முடியாது.

பச்சை வண்ணம் அடித்த மறுநாள் அண்ணாச்சியே எனக்குப் போன் செய்தார்.

“பிள்ளே, ரோட்டுல எம் படம் போட்டிருக்கான் பாத்தியா?”

“என்ன படம் அண்ணாச்சி?”

“சைக்கிள் படம்! வெள்ளைல, இம்புட்டுப் பெருசா. இத்தன வருசத்துல இந்த ஊருல எனக்குன்னு எவனும் ஒரு கோடு கிழிச்சதில்ல. பச்சைக்குள்ள போனா ஒருத்தனும் ஹாரன் அடிக்க மாட்டேங்கான்.”

அந்தப் படத்தின் மேல் சைக்கிளை நிறுத்தி, ஷாலினியைப் போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஷாலினி எட்டாம் வகுப்பு. ஹிந்தியில் யோசிப்பாள். தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்வாள். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. பள்ளித் தோழிகளிடம் அப்பாவுக்கு ‘கேட்டரிங்’ என்று சொல்லிவைத்திருக்கிறாள். அவளே அந்தப் போட்டோவை இன்ஸ்டாகிராமில் போட்டாள். அப்பாவின் சைக்கிளை அவள் வெளியே காட்டியது அதுதான் முதல் தடவை. மதினி அதைச் சொல்லும்போது கண் கலங்கினார். அந்த நேரத்தில் பாதையின் குறைகளைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

*

குறைகள் இவை.

அ. பச்சைப் பூச்சில் சொரசொரப்பே இல்லை. பூச்சு காய்வதற்கு முன் அதன்மேல் கரடான துகள்களைத் தூவ வேண்டும். தூவவில்லை, அல்லது பேருக்குத் தூவியிருக்கிறார்கள். காய்ந்த நாளில் ஒன்றும் தெரியாது.

ஆ. மழைநீர் இறங்கும் கம்பிச் சட்டங்கள் பாதைக்குள்ளேயே வருகின்றன. கம்பிகள் சைக்கிள் போகும் திசையிலேயே இருக்கின்றன. குறுக்காக இருந்தால் சக்கரம் தட்டிக்கொண்டு போகும். இப்படி இருந்தால் உள்ளே இறங்கும்.

இ. பாதை ஒரு முக்கில் முடிகிறது. அந்த முக்கில் தண்ணீர் டேங்கர்கள் இடது பக்கம் திரும்புகின்றன. அதாவது சைக்கிள்காரரை டேங்கரின் இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், டிரைவரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பச்சை வண்ணமே கொண்டுபோய் நிறுத்துகிறது.

மூன்றும் தனித்தனியாகச் சகிக்கக்கூடியவை. மழை நாளில் மூன்றும் ஒரே இடத்தில் சேரும். அந்த முக்குக்குச் சற்று முன்னால்தான் கடைசிக் கம்பிச் சட்டம் இருக்கிறது.

ஈரத்தில் எவ்வளவு வழுக்கும் என்று பார்க்க ஒரு கருவி உண்டு. ஊசல் போல ஆடும் கை, அதன் முனையில் ரப்பர். தரையில் தண்ணீர் ஊற்றிக் கையை விட வேண்டும். தரை பிடித்தால் கை சீக்கிரம் நிற்கும். நான் சாலையில் முட்டி போட்டு உட்கார்ந்து அதைச் செய்தபோது எதிர் டீக்கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்து, “மேடம் ரோட் கோ இஞ்செக்‌ஷன் தே ரஹி ஹை” என்றார். ரோட்டுக்கு ஊசி போடுகிறேனாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை ஏறக்குறையத் தடையே இல்லாமல் மறுபக்கம் போய் உயர்ந்து நின்றது. இன்னொரு இடத்தில் செய்தேன். அங்கேயும் அப்படித்தான். சிரித்தவர்களில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “க்யா ஹுவா?” என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று தலையசைத்தேன்.

அறிக்கை எழுதி, என் மேலாளர் பாட்டீல் சாருடன் அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரியைப் பார்க்கப் போனேன். மூன்று வருடமாகியும் என் ஹிந்தி புத்தக ஹிந்திதான். ஆட்டோக்காரரை ‘ஆப்’ என்று மரியாதையாகக் கூப்பிடுவேன், அவர் திரும்பிப் பின் சீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார். அன்றைக்குப் பதற்றத்தில் அதிகாரியை, ‘நீ’ என்பதுபோல, ‘தும்’ என்றுவிட்டேன். பாட்டீல் சார் மராத்தியில் ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

அதிகாரி கெட்டவர் அல்ல. டீ வரவழைத்தார். அறிக்கையைப் புரட்டினார். “பஹலே கௌண்ட் ஹோனே தோ, மேடம்” என்றார். முதலில் எண்ணிக்கை நடக்கட்டும். ஆட்கள் பாதையைப் பயன்படுத்தவில்லை என்றால் முழுவதையும் மறுபரிசீலனை செய்யலாம், பூச்சையே சுரண்டி எடுத்துவிட்டு வேறு மாதிரி போடலாம். பயன்படுத்தினால் பாதை வெற்றி, குறைகளை மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மழைக்குப் பிறகு. நான் எழுதிய எல்லாமே மழையைப் பற்றி.

வெளியே வந்ததும் பாட்டீல் சார் என்னைத் தேற்றினார். “பயப்படாதே. அந்தச் சாலையில் சைக்கிள்காரர்கள் நடுவில்தான் போவார்கள். யார் பச்சைக்குள் போகப் போகிறார்கள்? எண்ணிக்கை குறைவாகத்தான் வரும். அவர்களே உன் அறிக்கையைத் தேடி எடுப்பார்கள்.” எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அண்ணாச்சி ஒருவர் ஆசைக்குப் போகிறார், மற்றவர்கள் பழக்கத்தை விடமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை மதினி வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொன்னேன். வேலை எப்படிப் போகிறது என்று மதினி கேட்டார். கம்பத்தில் கேமரா கட்டி ஒரு வாரம் எண்ணப் போகிறார்கள் என்றேன்.

“எதுக்கு எண்ணணும்?”

“எத்தன பேரு பச்சைக்குள்ள போறாங்கன்னு பாக்கத்தான் மதினி.”

“ஆளு வரலேன்னா?”

“வரலேன்னா, அந்தப் பாதையே வேண்டாம்னு எடுத்துருவாங்க. வேற மாதிரி போடணும்பாங்க.”

மதினி குழம்புக் கரண்டியோடு அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி தலையை ஆட்டினார். ஷாலினி போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “தோ தீதி கா ஜாப் ஜாயேகா க்யா?” என்றாள். அக்காவுக்கு வேலை போய்விடுமா என்று கேட்கிறாள். நான் சிரித்துக்கொண்டே, “போகாது போகாது, நீ சாப்பிடு” என்றேன். மதினி என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். பேச்சு வேறு பக்கம் போனது.

இதை ஊரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்தில் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மண்டபம் நிறைய வேண்டும். ஒரே முகூர்த்தத்தில் நான்கு கல்யாணம் இருந்தால் அப்பா நான்குக்கும் போய்த் தலையைக் காட்டுவார். சாப்பிடாமல்கூட வருவார், ஆனால் மாப்பிள்ளையின் அப்பா தன்னைப் பார்த்தாரா என்று உறுதி செய்யாமல் வரமாட்டார். கூட்டம் இல்லாத மண்டபம் அந்த வீட்டுக்கு அவமானம். அந்த அவமானத்தை நம் ஆட்களுக்கு வரவிடக்கூடாது. மும்பைக்கு வந்த நம்மவர்கள் எதையெதையோ விட்டுவிட்டார்கள். இதை விடவில்லை. தாராவியில் யார் வீட்டுப் பூப்புனித நீராட்டு என்றாலும் நகரத்தின் வேறு மூலைகளில் நம்மவர்கள் இருக்கும் சீத்தா கேம்ப்பிலிருந்தும் சுனாபட்டியிலிருந்தும் ஆள் வந்து நிற்கும்.

நான் சாதாரணமாகச் சொன்னது அவர்கள் காதில் ஒரு பத்திரிகை வைத்த மாதிரி விழுந்திருக்கிறது.

*

எண்ணும் வாரம் நான் வேறொரு வேலையாக தானேயில் இருந்தேன். அது முடிந்து, ஒரு காலை தாராவிச் சாலைக்குப் போனேன். மழைக்கு முந்தைய மேகம் நாலைந்து நாளாகவே வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஈரம் பட்டால் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்கத்தான் போனேன்.

நான் நின்ற கொஞ்ச நேரத்தில் தூறல் ஆரம்பித்தது. நம் ஊர்ச் சாரல் அளவுகூட இல்லை. பச்சை கறுத்துப் பளபளத்தது. அப்போது இட்லிக்காரர்கள் வந்தார்கள்.

நடுவில் வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக, நெருக்கமாக, எல்லோரும் பச்சைக்குள் வந்தார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. இது எப்போது பழக்கமானது? யார் சொன்னது? முன்னால் வந்தவர் கம்பிச் சட்டத்தைக் கண்டு கைப்பிடியை லேசாக ஒடித்தார். அவ்வளவுதான். சக்கரம் அவருக்கு முன்னால் போய்விட்டது. பின்னால் வந்த இரண்டு பேருக்கு ஒதுங்க இடமில்லை. பிரேக் பிடித்தார்கள், பிடித்த இடத்திலேயே சரிந்தார்கள். மூன்றாவதாக விழுந்தவர் செல்லத்துரை அண்ணாச்சி.

பாத்திரங்கள் உருண்டன. பச்சையெங்கும் வெள்ளை வெள்ளையாக இட்லி. டீக்கடையில் நின்றவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அண்ணாச்சிக்கு முழங்கையில் சிராய்ப்பு. சாம்பார் சட்டையெல்லாம் வழிய, என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“வா பிள்ளே. புது ரோடுல்லா, வழுக்கத்தான் செய்யும். பழகிக்கிடும்.”

முதலில் விழுந்தவர் தலையைத் துடைத்துக்கொண்டே, “இன்னைக்கு ரோட்டுக்கே டிபன் குடுத்தாச்சுவே!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் டேங்கரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அந்த முக்கில், அவர்களுக்கு இரண்டு கை தூரத்தில், சிக்னலுக்காக நின்றிருந்தது. அண்ணாச்சி விழுந்தபோது அவர் தலை எங்கே கிடந்ததோ, அந்த இடத்தில் ஒரு சட்னித் தூக்கு உருண்டு கிடந்தது. சிக்னல் பச்சையானது. டேங்கர் இடது பக்கம் திரும்பியது. பின்சக்கரம் அந்தத் தூக்கின் மேல் ஏறி இறங்கிப் போனது. டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்காது.

மற்றவர்கள் தூக்குப் போனதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

*

அன்று மதியமே அலுவலகத்தில் எண்ணிக்கை வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் நாள் காலை: இட்லிக்காரர்கள் வரிசையாகப் பச்சைக்குள் வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பேப்பர் போடுகிறவர்கள். தோல் பட்டறை ஆட்கள். ஒரே சைக்கிளில் பின்னால் மனைவியை வைத்துக்கொண்டு வெள்ளை வேட்டியில் ஒருவர், கோயிலுக்குப் போகிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து அதே வெள்ளை வேட்டி, மனைவி இல்லாமல், மறுபடி வருகிறது. காலி சைக்கிளில் அண்ணாச்சி வருகிறார், போகிறார், திரும்ப வருகிறார். மூன்றாவது முறை கம்பத்தின் கீழே வரும்போது நிமிர்ந்து கேமராவைப் பார்த்து, கையைத் தூக்கி ஒரு வணக்கம் வைக்கிறார். ‘வந்துட்டேன், பாத்துக்கிடுங்க’ என்று மண்டப வாசலில் சொல்வார்களே, அந்த வணக்கம்.

பக்கத்தில் நின்ற பையன், எண்ணும் குழுவில் வேலை செய்கிறவன், “கித்னா ஹேப்பி பப்ளிக் ஹை” என்றான். ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறான்.

நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்குள் அதிகாரிகள் முடிவு எடுத்துவிட்டிருந்தார்கள். மக்கள் இவ்வளவு விரும்பும் பாதைக்குப் பாதுகாப்பு வேண்டும், ஆகவே பச்சையின் வலது ஓரம் முழுக்க ரப்பர் கம்பங்கள் நட வேண்டும். காலை நேரத்தில் சைக்கிள்கள் பாதைக்குள்தான் போக வேண்டும் என்று போக்குவரத்துக் காவலர்களிடம் சொல்ல வேண்டும். மூன்று பேர் விழுந்ததைச் சொன்னேன். மருத்துவமனையில் சேர்ந்தார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

*

ஞாயிறுவரை காத்திருக்காமல் தாராவிக்குப் போனேன். அண்ணாச்சி முழங்கைக்கு மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, எண்ணுற வாரம் எல்லாரையும் பச்சைக்குள்ள வரச் சொன்னது நீங்களா?”

அவர் முகம் மலர்ந்தது. “பின்ன? எவனாவது நடுவுல போனா, நானே வஞ்சேன். ஆளு போதாதுன்னு பட்டறைக்காரங்ககிட்டயும் சொன்னேன். நம்ம அம்பாசமுத்திரத்துப் பிள்ளை போட்ட ரோடு, ஆளில்லாம கெடந்தா நமக்குத்தானே கேவலம்? எப்படி, ஆபீஸ்ல மெச்சிக்கிட்டானுவளா?”

“அது நான் போட்ட ரோடு இல்ல அண்ணாச்சி. சரியில்லன்னு சொல்லத்தான் என்னைய அனுப்புனாங்க.”

புரியவைக்க நேரம் பிடித்தது. ஊசல் கருவி, கம்பிச் சட்டம், டேங்கரின் பின்சக்கரம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆள் வராமல் இருந்திருந்தால் சுரண்டி எடுத்திருப்பார்கள் என்றேன். சொல்லச் சொல்ல அண்ணாச்சியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. மதினி மாவு கரைத்த கையைத் துடைக்காமல் வந்து நின்றார்.

“எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஒண்ணுன்னு நாங்க வந்து நின்னது தப்புங்கியா?”

“தப்புன்னு சொல்லல மதினி…”

“நீ வெளக்கமா சொல்லியிருந்தா இவிய போயிருப்பாவளா? இங்கிலீஷ்ல எழுதி ஆபீஸ்ல குடுக்கத் தெரியுது. சோறு திங்கிற எடத்துல ஒரு வார்த்த, அது வழுக்கும்னு சொல்லத் தெரியலையா?”

அண்ணாச்சி சந்தோஷமாக இருந்தார், அதனால் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? ஏணியின் மேல் படியிலிருந்து ஷாலினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இறங்கிவந்து அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அப்பா, நீங்க நடுவுலயே போங்க” என்றாள். தமிழில் சொன்னாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “சரி, நீ படிச்சவ. நீயே சொல்லு. நாளைலேருந்து நான் எந்தப் பக்கம் போகட்டும்?”

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பச்சைக்கு இடம் எடுத்ததில் மீதிச் சாலை குறுகிவிட்டது. முன்பு இவர்கள் இருவர் இருவராகப் போன அகலம் இப்போது இல்லை. கம்பங்களும் வந்துவிட்டால் பஸ் அவற்றை உரசிக்கொண்டு போகும். வெளியே போனால் காவலரின் விசில் வேறு. உள்ளே வழுக்கும், வெளியே இடமில்லை. நடுவில் போங்கள் என்று சொல்ல நடு என்று ஒன்று மிஞ்சவில்லை.

“தூறல் விழுந்தா அந்த முக்கு வரைக்கும் எறங்கி உருட்டிக்கிட்டுப் போங்க அண்ணாச்சி” என்றேன்.

“மழைக்காலம் பூராவா?”

“ஆமா.”

“மத்தவங்களும்?”

“ஆமா.”

அவர் மதினியைப் பார்த்தார். இட்லி ஆறிவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். “பாப்போம்” என்றார். நம் பக்கத்தில் பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

*

மறுநாள் நான் அந்த அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த வார எண்ணிக்கை இயல்பானது அல்ல, வந்தவர்களில் பலர் அழைக்கப்பட்டு வந்தவர்கள், சிலர் திரும்பத் திரும்ப வந்தவர்கள், அழைத்ததற்குக் காரணம் நான் சொன்ன ஒரு சொல், ஆகவே அதை ஒதுக்கிவிட்டு மறுபடி எண்ண வேண்டும், அதுவரை பாதையை மூட வேண்டும். பாட்டீல் சார் இரண்டு முறை படித்தார்.

“இதைக் கொடுத்தால் உன் ஆட்களை நீயே மோசடிக்காரர்கள் என்று எழுதிக் கொடுத்த மாதிரி. நாளைக்கு யாராவது அவர்களை விசாரிக்க வந்தால்? உன்னையே இந்த வேலையிலிருந்து எடுத்தால்?”

“எடுக்கட்டும் சார்.”

“எடுத்த பிறகு அந்த முக்கைப் பற்றிப் பேச இங்கே யார் இருப்பார்கள்?”

அதை நானும் யோசித்திருந்தேன். அழைத்தது யார், வந்தது யார் என்ற விவரம் கடிதத்தில் இல்லை. என் பெயர் மட்டும் இருந்தது. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் கொடுத்தேன். அவர் பெருமூச்சுவிட்டு, தானும் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

பிறகு டேங்கர்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு ஒருநாள் போனேன். முக்கில் இடது பக்கம் பார்த்துத் திரும்புங்கள் என்று என் புத்தக ஹிந்தியில் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், “கண்ணாடியில் அந்த இடம் தெரியாதே பெஹன்” என்று, தங்கையிடம் சொல்வதுபோல, மரியாதையாகச் சொன்னார். தெரியும், அதனால்தான் வந்தேன் என்றேன். அவர் கையை விரித்தார்.

இன்றைய நிலை இது. பாதை திறந்திருக்கிறது. கம்பங்கள் முழுக்க நட்டாகிவிட்டன. கடிதம் கிடைத்தது என்று ஒரு முத்திரை வந்தது, பதில் வரவில்லை. கடைசிக் கம்பிச் சட்டத்தின் மேல், யார் அனுமதியும் கேட்காமல், அண்ணாச்சி ஒரு பழைய கோணிச் சாக்கை விரித்துக் கல் வைத்தார். துப்புரவு வண்டி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெளியே போனவர்களைக் காவலர் இரண்டு முறை விசிலடித்து உள்ளே தள்ளினார், இப்போது யாரும் வெளியே போவதில்லை. மதினி என்னோடு பேசுகிறார், ஆனால் சாப்பிட வா என்று இன்னும் கூப்பிடவில்லை. கேரளத்தில் மழை பிடித்துவிட்டது, இனி மேலே ஏறி மும்பைக்கு வரும் என்று செய்தியில் சொன்னார்கள். செல்லத்துரை அண்ணாச்சி தினமும் காலையில் பச்சைக்குள்தான் போகிறார்.